அம்மாவின் ஏழு மணி

உங்கள் அறையில் ரூட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்திருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அங்கே இருந்தால் இணையம் நொண்டிக்கொண்டுதான் வரும். வெளியே எடுத்து உயரமாக வையுங்கள். பதினோரு வருடமாக ஓர் இணைய நிறுவனத்தின் உதவி எண்ணில் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அணையுங்கள், முப்பது எண்ணுங்கள், மறுபடி போடுங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும்.

எங்கள் வீட்டு ரூட்டருக்கு ஒரு குறையும் இல்லை. என் தங்கை உங்களிடம் சொன்னது உண்மைதான்.

அம்மாவுக்கு மாத்திரை கொடுப்பது, கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவது, நகம் வெட்டுவது எல்லாம் நான். வெளிநாட்டில் இருக்கும் தங்கை தினமும் மாலை ஏழு மணிக்கு டேப்லெட்டில் முகம் காட்டுவாள். ஆறரைக்கே அம்மா தலை வாரத் தொடங்கிவிடுவாள். "சின்னவ வர்ற நேரம், அந்த நீலச் சால்வைய எடு" என்பாள். எடுத்துக் கொடுப்பேன். என்னிடம் பேசும்போது அவள் பார்வை என் கையிலுள்ள மாத்திரையில் இருக்கும். தங்கையிடம் பேசும்போது முகமெல்லாம் பல். எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது.

ரூட்டரில் குழந்தைகளுக்கென்று ஒரு வசதி உண்டு. பிள்ளை எந்நேரமும் படம் பார்த்தால், அந்தக் கருவிக்கு மட்டும் குறிப்பிட்ட நேரம் இணையத்தை நிறுத்தி வைக்கலாம். அம்மாவின் டேப்லெட்டுக்கு ஏழிலிருந்து எட்டு வரை நிறுத்தினேன். தங்கையிடம், "அம்மா இப்பல்லாம் சீக்கிரமே தூங்கிடறாங்கடி" என்றேன்.

அம்மா வந்து நிற்பாள். "என்னன்னு பாரேன்டி, நீ இதுலதானே வேலை பாக்கற." நான் முக்காலியில் ஏறி, அலமாரி உச்சியில் இருக்கும் ரூட்டரை அணைப்பேன். அம்மா கீழே நின்று முப்பது எண்ணுவாள். போட்டால் வராது. "லைன்ல கோளாறும்மா, நாளைக்குச் சரியாயிடும்" என்பேன். பிறகு எட்டு வரை நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருப்போம். பேசுவது நான்தான், அவள் ரூட்டரின் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனாலும் அந்த ஒன்பது நாளும் எனக்கு அவ்வளவு நிம்மதி, ஐயா.

பத்தாம் நாள் ஏழு மணிக்கு மேல் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கூடத்தில் அம்மா எண்ணும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அவளே முக்காலியில் ஏறியிருந்தாள். போய் இறக்கிவிட்டிருக்கலாம். இந்தப் பாடெல்லாம் சின்னவளுக்காகத்தானே என்று தோன்றியது. திரும்பி வந்து, மிச்சமிருந்த தட்டுகளைக் கழுவினேன். பத்தொன்பதில் விழுந்தாள்.

தலைக்கு அடியில் ரத்தம். நினைவு இருந்தது. "சின்னவளுக்கு ஃபோன் போடு" என்றாள். என் ஃபோன் கையில்தான் இருந்தது, அதற்கு எந்தத் தடையும் போட்டிருக்கவில்லை.

"நெட் இல்லம்மா" என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். சின்னவளே, சின்னவளே என்று இருபது நிமிடம் கூப்பிட்டாள். நான் அம்மாவைக் கொல்லவில்லை, ஐயா. ஒரே ஒரு தடவை என்னை, "பெரியவளே" என்று கூப்பிட்டிருந்தால் அந்த நிமிடமே ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருப்பேன். கடைசி மூச்சு வரை அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன்.