நூத்திப் பதிமூணாம் நம்பர் மெஷின்

...அட, அதான் சொல்றேன்ல, நீங்க ஏத்திக்கிட்டுப் போக வந்த மெஷினு எங்கயும் ஓடிப் போயிடாது! மொதல்ல லாரிய இந்த ஓரமாப் போடுங்கண்ணே. அங்க நின்னா உள்ளேருந்து ஏதாவது வண்டி வந்து இடிக்கும், அதுக்கும் என்னையத்தான் சொல்லுவானுங்க. ஆங்... போதும், போதும். எஞ்சின ஆஃப் பண்ணுங்க. டீ சாப்பிடுறீங்களா? வேணாமா? சரி, நான் சாப்பிடுறேன், நீங்க கேளுங்க.

காலையிலேருந்து அந்தச் சனியனத் தேடுறேண்ணே, கண்ணுலயே சிக்க மாட்டேங்குது! நூத்திப் பதிமூணாம் நம்பரு. சோப்பு வெட்டுற ஹால்ல பாத்தாச்சு. பேக்கிங்ல பாத்தாச்சு. பாய்லருக்குப் பின்னாடி தவழ்ந்து போயிப் பாத்தேன், சட்டையப் பாருங்க, துவைச்சாப் போகுமா இது? எல்லா மெஷின் நெத்தியிலயும் நம்பர் ஒட்டிருக்கு. நூத்திப் பன்னெண்டு இருக்கு. அதோட சரி. அதுக்கப்புறம் செவுருதான்.

சிரிக்காதீங்க. என் பொழப்பே இதுலதான் தொங்குது. அந்த மெஷின் இன்னைக்கு வெளிய போகலன்னா நான் வெளிய. மேனேஜரு மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாரு, "பழுது பாக்குறதுக்குன்னு ஒரு பிட்டரு, அந்த ஆளுக்கு ஒரு மெஷின் எங்க இருக்குன்னு தெரியல, அப்புறம் எதுக்கு?"ன்னு. நெசமாத்தான்.

எல்லாம் அந்தச் சாப்ட்வேரு பண்ற கூத்து! அது வர்றதுக்கு முன்னாடி எப்படி? மெஷின் நின்னா ஆபரேட்டர் ஒரு சத்தம் குடுப்பான். நான் கேக்காத மாதிரி டீயக் குடிச்சு முடிச்சுட்டு மெதுவாப் போவேன். ரெண்டு தட்டு தட்டுவேன். ஓடுனா ஓடும். ஓடலன்னா மூணாவது தட்டு. இப்ப என்னடான்னா, மெஷின் நின்ன ஒடனே ஆபரேட்டர் போன்ல அமுக்குறான், என் பாக்கெட்டுல மணி அடிக்குது. போயிப் பாத்து, எந்த மெஷினால நின்னுச்சுன்னு நானோ அவனோ லிஸ்ட்லேருந்து எடுத்துப் போட்டாத்தான் அந்த வேல முடிஞ்சு பச்சையாவும். அதுவரைக்கும் செவப்பு. எனக்கு அந்தச் செவப்பப் பாத்தாலே ஆகாதுண்ணே. சோறு எறங்காது.

ஒரு நாளு பேக்கிங் மெஷின் சும்மா நின்னு போச்சு. போயிப் பாத்தா பெல்ட்டும் நல்லாருக்கு, மோட்டாரும் நல்லாருக்கு. நான் டீக்குப் போன நேரத்துல எண்ணெ போட ஆளில்லாம நின்னுருக்கு. அவ்ளோதான். சரி, லிஸ்ட்டத் தொறந்தா "பிட்டரு டீக்குப் போயிட்டாரு"ன்னு ஒண்ணுமே இல்ல! ஒரு மெஷினச் சொல்லு, சொன்னாத்தான் விடுவேங்குது. பிசாசு மாதிரி. நானும் எவ்வளவு நேரந்தான் அதுகூட மல்லுக்கு நிக்கிறது? "புது மெஷின் சேர்"னு ஒரு பட்டன் இருந்துச்சு. என்னையவே சேத்துட்டேன்!

ஏன் அப்படிப் பாக்குறீங்க? வேற வழி? தயாரிச்சது யாருன்னு கேட்டுச்சு, எங்கம்மா பேரப் போட்டேன். வாரண்டி? எப்பவோ முடிஞ்சு போச்சு. எதுல ஓடும்? டீ. பழுதானா யாருக்குச் சொல்லணும்? வீட்டுக்காரி நம்பரு. படம்? போன்ல கெடந்த என் மூஞ்சியவே போட்டேன். அது ஏதோ ஒரு நம்பர் குடுத்துச்சு, அத யாரு பாத்தா? செவப்பு பச்சையாச்சு. அப்பாடா!

அன்னைக்குப் புடிச்சது அண்ணே சனி. வீட்டுக்காரிக்கு மெசேஜ் மேல மெசேஜ். "மெஷின் நின்றுவிட்டது, காரணம் தெரியவில்லை." ஒடனே போனு, "எங்கய்யா நின்ன? எவகூட நின்ன?" இதாச்சும் பரவால்ல. "வாரம் ஒருமுறை கிரீஸ் போடவும்"னு அவளுக்கு ஒண்ணு வந்துச்சு பாருங்க... நான் வீட்டுக்குப் போனா வாசல்லயே டப்பாவோட நிக்கிறா, "எங்க போடணும், சொல்லு"ன்னு!

இந்த ஆபரேட்டர் பயலுங்களுக்குச் சொல்லவா வேணும்? அல்வா சாப்பிட்ட மாதிரி. பிளேடு மழுங்குனாலும் நாந்தான். கரண்ட்டு போனாலும் நாந்தான். மேனேஜரே கை தவறி ஸ்டாப் பட்டன அமுக்குனாரு, அதுக்கும் என்னையப் போட்டுட்டானுங்க! போட்டா போட்டுட்டுப் போங்கடான்னு விட்டுட்டேன். மெஷினெல்லாம் பச்சையா மின்னுதுல்ல? அது போதும்.

அப்புறந்தான் மீட்டிங். எந்த மெஷினால எத்தன தடவ வேல நின்னுச்சுன்னு செவுத்துல படம் போட்டுக் காட்டுறாரு மேனேஜரு. எல்லா மெஷினுக்கும் விரக்கடை அளவு கோடு, ஒண்ணு மட்டும் கூரையப் போயி முட்டுது. நூத்திப் பதிமூணு. "நம்ம கம்பெனி நிக்கிறதே இந்த ஒரு மெஷினாலதான்"ங்கிறாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! எந்திரிச்சு மேசையத் தட்டுனேன். "இந்தத் தண்டத்த வச்சுக்கிட்டு எதுக்கு சார் மாரடிக்கணும்? எடைக்குப் போட்டுத் தொலைங்க!" ஒரே கைதட்டலு. ஆபரேட்டருங்க சந்தோசத்துல விழுந்து விழுந்து சிரிச்சானுங்க. பழைய இரும்புக்குன்னு பட்டன அமுக்குனது யாரு? நாந்தான். இந்தக் கையாலதான்.

என்ன, உங்க போனுக்குப் படம் வந்துருக்கா? அத முன்னாடியே சொல்லக் கூடாதா! குடுங்க, குடுங்க. வெயில்ல ஒண்ணும் தெரியல... இருங்க, இப்படித் திருப்பி... ஆங், நூத்திப் பதிமூணு. கீழ என்ன...

அண்ணே.

இது நான் போன் வாங்குன அன்னைக்கு என்னைய எடுத்த படமாச்சே.

அந்தப் பயலுங்க சிரிச்சது இதுக்குத்தானா? நான் அங்க மேசையத் தட்டிக்கிட்டு நிக்கிறேன், தண்டம் தண்டம்னு... நீங்களும் சிரிக்கிறீங்க. சிரிங்க.

சரி. போட்டது போட்டதுதான். நீங்க எடுத்துக்கிட்டுப் போனாத்தான் பச்சையாவும், இல்லன்னா ராத்திரி பூரா செவப்பு அடிச்சுக்கிட்டு நிக்கும், அத என்னால பாக்க முடியாது. நான் முன்னாடி ஒக்காரவா, பின்னாடி ஏறிக்கவா? என்ன... வேணாமா? ஏன் வேணாம்? அதுல பழைய இரும்புன்னுதானே போட்டுருக்கு? என்னது, எடை தேறாதா? இரும்பே இல்லாத ஆள எதுக்கு ஏத்தணும்ங்கிறீங்களா? அண்ணே, எதுக்கு எஞ்சின ஸ்டார்ட் பண்றீங்க? அண்ணே! நில்லுங்கண்ணே! இரும்பு இல்லன்னு யாரு சொன்னா? ஆஸ்பத்திரில முட்டியக் கிழிச்சுப் பிளேட்டு வச்சுருக்காங்கண்ணே! தட்டிப் பாருங்கண்ணே, சுத்தமான ஸ்டீலு! அண்ணே...!