அரிப்பு நின்ற பிறகும்

அம்மாவுக்குச் சாப்பாட்டில் நான் ஒரு குறையும் வைத்ததில்லை ஐயா. அக்கம்பக்கத்தில் விசாரித்தால் அதைத்தான் சொல்வார்கள்.

உடம்பெல்லாம் தடித்து அரிப்பெடுத்தபோது, வீட்டில் கிடந்த அலர்ஜி மாத்திரையைத்தான் கொடுத்தேன். அரிப்பு அடங்கியது. மறுநாள் மாலை அம்மா என் தலையைக் கோதிவிட்டு, "எப்ப வந்த செல்லம்? இளைச்சுட்டியே" என்றாள்.

செல்லம் என் அக்கா. நான் ஓட்டிப்போன வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தவள். லாரி மோதிப் போய்விட்டாள். நான் பிழைத்தேன். அன்றிலிருந்து அம்மா என்னை "இந்தா" என்றுதான் கூப்பிடுவாள்.

மருந்துக்கடைக்காரரிடம் சொன்னேன். அது பழைய ரகம், வயதானவர்களுக்குப் புத்தியைக் குழப்பும், தள்ளாடி விழவைக்கும் என்று சொல்லி, அவ்வளவாகத் தூக்கம் வராத புது ரகம் ஒன்றைக் கொடுத்தார். அவர் மேல் தப்பே இல்லை.

பழையதை நிறுத்தினேன். அம்மா தெளிந்தாள். "இந்தா, தண்ணி கொண்டா" என்றாள்.

அதன்பிறகு பழைய மாத்திரையை வேறு கடையில் வாங்கினேன். பாலில் கரைத்தால் தெரியாது. அரிப்பு எப்போதோ நின்றுவிட்டிருந்தது. மாலையானால் அக்கா வந்துவிடுவாள். அலமாரியில் அம்மா மடித்து வைத்திருந்த அவளுடைய ஊதாச் சட்டையை நான் போட்டுக்கொண்டது, அம்மாவின் கண்ணுக்குச் சிரமம் வேண்டாமென்றுதான்.

டாக்டர் வந்து பார்த்து, மறதி நோய் என்றார். படித்தவர், நான் எதிர்த்துப் பேசவில்லை.

பிறகு அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்துகளில் அந்த மாத்திரை இல்லை. சில நாட்களில் தெளிந்துவிட்டாள். என்னையே வெகுநேரம் பார்த்தாள்.

"இந்தா, செல்லம் செத்துட்டாள்ல?" என்று கேட்டாள். அப்போதுதான் சேதி வந்ததுபோல அழுதாள். அழுகைக்கு நடுவே, "அவ சட்டைய நீ ஏன்டி போட்டிருக்க?" என்றாள்.

என் பையில் இருந்த மாத்திரை மொத்தத்தையும் கரைத்தேன். பெற்றவள் அப்படி அழுவதைப் பார்த்துக்கொண்டு எந்த மகள் ஐயா சும்மா இருப்பாள்?

ஆமாம், நான்தான் கொடுத்தேன். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நினைவு தப்பும்வரை அம்மா "செல்லம், செல்லம்" என்று முனகிக்கொண்டே இருந்தாள். நான் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்கதாம்மா இருக்கேன்" என்றேன்.

அம்மா என்னைத்தான் கூப்பிட்டாள்.