மூன்று மாடிக்கு ஒரு ஸ்பீக்கர்

“இத்த தூக்கிகினு மூணு மாடி ஏறுனா, அப்பால என்னைய நாலு பேரு தூக்கிகினு எறங்கணும்.”

எண்ணூர் ரயிலில் என் எதிரே இருந்த பெண் கணவரிடம் சொன்னார். கணவர் ஸ்டீல் கிட்டார் வாசிப்பவர். கிறிஸ்துமஸ் பாட்டுக்கு வீடு வீடாகப் போகும்போது ஆம்ப்ளிஃபயரைச் சுமப்பது மனைவியாம். அதற்குப் புதுப் பெட்டியை லேசான பலகையில் செய்துவிட்டார்கள், ஸ்பீக்கர்தான் பாக்கி. கடைக்காரர் போட்டுப் பார்க்கக் கொடுத்த இரண்டு ஸ்பீக்கர்கள் அவர்கள் மடியில் இருந்தன. பெரியதன் காந்தம் அந்தப் பெண்ணின் சாவிக்கொத்தை இரண்டு முறை இழுத்துக்கொண்டது. நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி மறுபக்கப் பையில் வைத்தேன்.

“சின்னது கொசு மாரி கத்துது, மேரி.”

“நாம போறது அல்லாம் ஒத்த ரூமு வூடு. எம்மாம் சத்தம் வோணும்?”

“அடிச் சத்தம் வோணும்மே. கிட்டாரு கீழ எறங்குறப்போ நெஞ்சுல வந்து வுழணும்.”

“அதுக்கு எங்கண்ணன் கீறான். அவன் தொண்டைய தொறந்தா ஜன்னலு ஆடுது.”

கணவர் யோசித்தார். “மச்சானும் செம வெயிட்டாச்சே.”

“இருந்துட்டு போவட்டும். அவன யாரும் தூக்க வோணாம், தானா படியேறி வருவான்.”