முந்திக்கொண்ட பழைய புரோகிராம்

"கோழிங்க செத்தது என்னாலதானுங்க்கா. வாட்ச்மேன் தூங்கவே இல்லீங்க."

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பஸ்ஸில், என் பின் சீட்டு இளைஞன், கம்ப்யூட்டர் கம்பெனியில் உடன் வேலை பார்க்கும் அக்காவிடம் சொன்னான்.

"ஏஞ்சாமி, பண்ணைக்கு நீதானே புதுசா அலாரம் புரோகிராம் போட்டே?"

"பழைய புரோகிராமுக்கும் அதே போர்ட்டுதானுங்க, கம்ப்யூட்டர்ல சேதி வந்து போற வழி. ஒண்ணு புடிச்சுக்கிட்டா இன்னொண்ணு ஓடாது."

"பழசை எடுத்துத் தொலைக்கறதுக்கென்ன?"

"மொதலாளி உடலீங்க. தவறிப்போன அவங்கண்ணன் பூசை போட்டு ஆரம்பிச்சதாம், ராசியாம். அதனால நிறுத்தி மட்டும் வெச்சேன். கரண்டு போய் வந்ததும் கம்ப்யூட்டர் தானா கெளம்புச்சு. பழசு முந்தி எந்திரிச்சு போர்ட்டைப் புடிச்சுக்கிச்சு, அலாரம் ஓடவே இல்ல. கரண்டு வந்தும் ஷெட்டுல ஃபேன் சுத்தலீன்னு வாட்ச்மேன் போனுக்குக்கூட சேதி போகலீங்க, வெக்கையிலயே கோழிங்க போயிருச்சு."

"அடப்பாவி. தூங்கிட்டான்னு அந்த வாட்ச்மேனையல்ல வேலைய உட்டு நிறுத்திட்டாங்க! நேராப் போயி மொதலாளிகிட்டச் சொல்லிரு."

"அதுக்குத்தானுங்க வாரேன்."

கண்டக்டர் புதன்சந்தை என்று குரல் கொடுத்தார்.

"பண்ணை ஸ்டாப்பு வந்திருச்சு. எறங்கலையா?"

அவன் எழவில்லை. பஸ் கிளம்பியது.

"நாமக்கல்லுக்கே டிக்கெட் எடுத்துட்டேனுங்க்கா."