கம்பத்தடி கங்கம்மா

அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்க எனக்கு நேரமில்லை, கல்பனா மேடம். நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவன் நான். அந்த இரைச்சலில் பக்கத்துத் தறிக்காரன் திட்டினால்கூடக் காதில் விழாது. புரட்டாசியில் திருமலைக்கு நடக்கிற கூட்டத்துக்கு முன்னால் நிற்பதும் இந்தத் தணிகாசலம்தான்.

உங்கள் போலீஸ் ஆட்கள்தான் தெருவுக்குத் தெரு முனையில் கம்பம் நட்டு, கேமரா மாட்டி, அதில் விழுவதையெல்லாம் ஜனங்களும் போனில் பார்க்கலாம் என்று திறந்துவிட்டார்கள். இலை போட்டுப் பரிமாறியதை வேண்டாமென்று எழுந்துபோக நான் என்ன சன்னியாசியா? பார்த்தேன். பார்த்ததை உறவுக்காரர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கால் எலும்பு முறிந்து புத்தூரில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருப்பதாகச் சொன்ன எங்கள் உறவுக்காரன் குணா, அதே காலால் கபடி ஆடியதைப் போட்டேன். திருந்தட்டும் என்றுதான்.

பிறகு என் மச்சான் ஹரிபாபு. புரட்டாசி சனிக்கிழமையன்று பிரியாணிக் கடையிலிருந்து பொட்டலத்தோடு வெளியே வருகிறான். மூக்குத் துளை வரை தெளிவாக விழுந்திருந்தது. போட்டேன். அவனுக்குத் திருச்சானூரில் பெண் பேசி முடித்திருந்தோம். பெருமாளுக்குக் காசு முடிந்துவைத்த பிறகே சோறு உண்ணும் குடும்பம் அது. மறுநாளே சம்பந்தம் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள்.

என் மனைவி மல்லிகா தம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நோம்பு நாள்ல கறி துன்ன வெக்கமா இல்லியாடா? உங்க மாமாவப் பாரு. முட்ட வாசனகூட ஆவாம கீறாரு."

அவன் என்னைப் பார்த்தான். "நான் இன்னா சொல்லட்டும், மாமா?"

"தப்ப ஒத்துக்கினா பெருமாளு மன்னிப்பாரு" என்றேன்.

ஒத்துக்கொண்டான். நல்ல பையன்.

அன்றுதான் எனக்கு அந்தரங்கத்தின் அருமை புரிந்தது. மனிதனை இப்படியா தெருவில் உரித்துப் போடுவது? எங்கள் தறிக்கூடத்து முனையில் மட்டும் இணைப்பு அறுந்து, படமெல்லாம் கம்பத்தடிப் பெட்டியிலேயே தேங்கிக் கிடந்தது. யஸ்வந்த் என்கிற டெக்னீஷியன் வந்து எடுத்து ஏற்றவேண்டும். பெட்டியை உடைத்தால் கேஸ். அதனால் அதன்மேல் மஞ்சள் குழைத்து அப்பி, குங்குமம் வைத்து, மல்லிகாவின் பழைய சேலையைச் சுற்றி, வேப்பிலை செருகினேன். ஊர் அம்மன் கங்கம்மாவின் மேல் எவன் கைவைப்பான்?

யஸ்வந்த் வந்தான், பார்த்தான், செருப்பைக் கழற்றினான். "அம்மவாரு அண்ணா, நேனு முட்டுகோனு" என்று, அம்மனைத் தொடமாட்டேனென்று தெலுங்கில் சொல்லி, தேங்காய் உடைத்துவிட்டுப் போனான். பிறகு பெண்கள் கூழ் ஊற்ற வந்தார்கள். குணா காலுக்கு வேண்டிக்கொண்டான். உங்கள் கான்ஸ்டபிள் எலுமிச்சை மாலை போட்டார். உண்டியல் வந்தது. உண்டியலுக்குப் பாதுகாப்பாக எதிர்க்கம்பத்தில் புதிதாக ஒரு கேமரா மாட்டினீர்கள். அதைத்தான் நான் கவனிக்கவில்லை. உள்ளே இருக்கும் படம் அழியட்டுமென்று பட்டப்பகலில் நான் பெட்டிக் கதவைத் திறந்து ஒரு வாளி மோர் ஊற்றியதை அது பார்த்துவிட்டது. ஊரே பார்த்தது. அபிஷேகம் என்று பாதிப் பேர் கும்பிட்டார்கள். நீங்கள்தான் ஜீப் அனுப்பினீர்கள்.

பெட்டிக்குள் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். தறிக்கூடத்து முனையில் ஹரிபாபு அந்தப் பொட்டலத்தை என் கையில் கொடுப்பது இருக்கிறது. நான் சுவரோரம் நின்றபடியே தின்று இலையை வழிப்பதும் இருக்கிறது. வாங்கிவரச் சொன்னவன் நான். கடைவாசல் படத்தை வேறு எவனாவது முதலில் பார்த்திருந்தால், பொட்டலம் யாருக்கு என்று கேட்டிருப்பான். அதனால் நானே முந்திக்கொண்டேன். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. கூட்டத்துக்கு முன்னால் நிற்கிறவன் பெயர் கெடக்கூடாது. அவன் சின்னவன், வேறு பெண் கிடைக்கும்.

எல்லாவற்றையும் டைப் பண்ணிக்கொள்ளுங்கள். ஆனால் வாக்குமூலங்களையும் இனி ஜனங்கள் போனில் படிக்கலாம் என்கிறார்களே. பொய்யாகச் சாமி உண்டாக்கியதை ஊர் படிக்கட்டும். மச்சான் கல்யாணத்தைக் கெடுத்ததையும் படிக்கட்டும், பரவாயில்லை. பிரியாணியை மட்டும் எடுத்துவிடுங்கள், மேடம். மல்லிகா தாங்கமாட்டாள்.