ஏழாம் தோட்டத்துப் பலகை

உங்கள் அறிக்கையில் ஒரே ஒரு வரியை அடித்துவிட்டால் போதும் சார், நான் எழுந்து போய்விடுவேன். 'எச்சரிக்கைப் பலகை காற்றில் விழுந்துவிட்டது' என்று எழுதியிருக்கிறீர்கள். என் பலகை காற்றில் விழாது. ஒன்றரை அடிக் குழி தோண்டி, கல் போட்டு மிதித்து, அதைப் பிடித்து நானே ஒரு தொங்கு தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் நகருவேன். அதுவும் இல்லாமல், விழுந்த பலகைக்குக் கீழே சாக்கு விரித்திருந்ததே, பார்த்தீர்களா? காற்று சாக்கு விரிக்குமா சார்?

பூச்சிமருந்து அடித்த தோட்டத்தின் வாசலில் பலகை நடுவது என் வேலை. இரண்டு நாள் கழித்துப் பிடுங்குவேன். களை எடுக்கும் பெண்கள் பலகை இருந்தால் இறங்கக் கூடாது, இல்லாவிட்டால் இறங்கலாம். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவேண்டியதில்லை. அவ்வளவு சுலபம்.

ஆறு வருஷம் செய்தேன். பலகையில் மண்டை ஓட்டை நானேதான் வரைவேன், பல் வரைவதில் எனக்கு ஈடே கிடையாது. என் அண்ணி, அவளும் களை எடுப்பவள்தான், புதுப் பலகை வைக்கும்போதெல்லாம் இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "அப்படியே உங்க அண்ணன் சிரிக்கிற மாதிரியே இருக்குடி" என்பாள். மற்றவர்களுக்கு அந்த மரியாதைகூட இல்லை. சாப்பாட்டுப் பையை அதில் மாட்டுவார்கள். மேஸ்திரி முதுகு சொறிவார். நான் கடப்பாரையோடு வந்தால், "பலகைக்காரி வந்துட்டா, எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்குங்க" என்று ஒரே சிரிப்பு. நானும் சேர்ந்து சிரிப்பேன். எனக்கு வயிறு எரியும்.

போன மாதம் மேனேஜர் கூப்பிட்டார். நல்ல மனுஷர், நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். "ஆறு வருஷத்துல ஒருத்தருக்கு ஒரு தலைவலி வந்திருக்காம்மா? ஒண்ணும் ஆகலையே. அப்புறம் எதுக்குப் பலகை? அடுத்த மாசத்துலேருந்து வேண்டாம். நீ பேக்கிங்குக்குப் போயிடு" என்றார்.

பாருங்கள் கூத்தை. ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொண்டது என் குற்றமாகிவிட்டது. வீட்டுக்கு நடந்து போகும்போது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, ரோட்டில் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன். வாசல்படி ஏறும்போது விடையும் வந்துவிட்டது. பலகையே இல்லாமல் போனால் களை எடுக்கும் நூற்றிருபது பேருக்கும் ஆபத்து. ஒரே ஒரு காலை, ஒரே ஒரு பலகை இல்லாமல் போனால் ஐந்து பேருக்கு வாந்தி, தலைசுற்றல், இரண்டு நாள் ஆஸ்பத்திரி ரொட்டி. கூட்டிக் கழித்துப் பாருங்கள், யாரைக் கேட்டாலும் இரண்டாவதைத்தான் சொல்வார்கள். அன்று தூங்கிய மாதிரி நான் கடைசியாகத் தூங்கியது கல்யாணத்துக்கு முன்னால்தான்.

ஏழாம் தோட்டத்தை யோசித்துத்தான் எடுத்தேன். அங்கே இறங்கும் ஐந்து பேரில் அண்ணியும் ஒருத்தி. அடுத்த வீட்டுப் பெண்களை மட்டும் படுக்கவைத்துவிட்டு நம் வீட்டு ஆளை ஒதுக்கிவைப்பது நன்றாகவா இருக்கும்? நான் அப்படிப்பட்டவள் இல்லை.

முந்தின நாள் மாலை மருந்து அடித்தார்கள், பலகை நட்டேன். விடிந்ததும் கடப்பாரை போட்டுப் பிடுங்கி, வாய்க்காலில் குப்புறப் படுக்கவைத்தேன். பெயின்ட் உரியக்கூடாதே என்று சாக்கு. அப்புறம் ஷெட்டுக்குப் போய் டீ குடித்தேன். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி கால் தரையில் நிற்கவில்லை.

பத்து மணிக்கு மேஸ்திரி ஓடிவந்தார். அந்த மனுஷன் ஓடி நான் பார்த்ததே இல்லை. வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா சார்? "பலகை எங்கம்மா?" ஆறு வருஷம் முதுகு சொறிந்த மனுஷன். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

மறுநாளே மேனேஜர் நாற்பது பலகைக்கு ஆர்டர் கொடுத்தார். இப்போது ஒருத்தர் பாக்கியில்லாமல் வாசலில் நின்று, எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் நகர்கிறார்கள். நீங்களே வந்து பாருங்கள், அவ்வளவு அழகு.

நாலு பேர் மூன்றாம் நாளே ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிவிட்டார்கள். அண்ணிக்கு மட்டும் மூச்சு இழுத்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கிவிட்டு அவளே பேசினாள்.

"மருந்து வாடை அடிக்குது, வேண்டாம்னு அவளுங்க நாலு பேரும் வரப்புலயே நின்னுட்டாளுங்க. நான்தான் திட்டினேன். பலகை இருக்கா, இல்லைல்ல? என் நாத்தனார் ஒரு நாளாவது தப்பு பண்ணியிருக்காளான்னு கேட்டுட்டு நானே முதல்ல இறங்கினேன். பலகை எப்படிடி விழுந்துச்சு? உன்னை ஏதும் சொல்லலையே?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது சார். சந்தோஷத்தில்தான். என் வேலையைப் பற்றி ஒருத்தர் வாய்திறந்து அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. "பேசாதீங்க அண்ணி, நல்லாயிடுவீங்க" என்று முகமூடியை மாட்டிவிட்டேன். சாயங்காலம் போய்விட்டாள். அண்ணன் இன்னும் சாப்பிடுவதில்லை.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். ஏழாம் தோட்டத்துப் பலகையைப் பிடுங்கியது நான். தெரிந்தே பிடுங்கினேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள்: உள்ளே போகலாம் என்று ஒரு வார்த்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.