தளபதிச் சீட்டு

இந்தக் கோப்பிக் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், இன்ஸ்பெக்டர். மேசையில் ஈரம் இருந்தால் எனக்குப் பேச்சு ஓடாது. பழைய சீட்டுகள் சேர்க்கிறவனின் பழக்கம் அது. மற்றபடி நான் சாது. எங்கள் ஊர் உலு திராமில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

நான் சேர்ப்பது பிள்ளைகள் விளையாடும் போர்ச் சீட்டுகள். டாங்கி, விமானம், பீரங்கி, தளபதி என்று சீட்டுக்கு ஒரு படம் போட்டிருக்கும். மெர்சிங்கில் ரேமண்ட் அண்ணனிடம் ஒரு கட்டு இருந்தது. அவருடைய அப்பா தோட்டத்தில் துரை பங்களாவில் சமையல்காரர். துரை பிள்ளைகள் விட்டுப்போனது. பார்த்ததுமே அசல் என்று தெரிந்துவிட்டது. போர்க்காலக் காகிதப் பஞ்சத்தில் அச்சான மெல்லிய அட்டை, வெளிச்சத்தில் பிடித்தால் விரல் நிழல் தெரியும். பிறகு வந்த நகல்களெல்லாம் கல்யாணப் பத்திரிகை மாதிரி தடியாக இருக்கும். தளபதியின் தொப்பியில் சிவப்பு மை கோட்டைத் தாண்டியிருந்தது. அந்தப் பிழை அசலில் மட்டும்தான் உண்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதை வைத்து அண்ணனும் அவர் மனைவி கெர்ட்ரூட் அக்காவும் தினமும் சாயங்காலம் விளையாடினார்கள். விளையாடினார்கள், இன்ஸ்பெக்டர். அக்கா விரலை நாக்கில் தொட்டுத்தான் சீட்டுப் போடுவார். குரங்கு கையில் பூமாலை என்பார்களே, அதை நான் கண்ணால் பார்த்தேன். கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

"நான் போனப்புறம் உனக்குத்தான்லா தம்பி. இருக்கிறவரைக்கும் நாங்க விளையாடிக்கிறோம்," என்றார் அண்ணன்.

நல்ல மனிதர். ஆனால் திடகாத்திரமான உடம்பு. நான் போகும்போதெல்லாம் சீட்டுகளின் மூலைகள் இன்னும் கொஞ்சம் மழுங்கியிருந்தன. அவர் நீடூழி வாழ்ந்தால் என் கைக்கு வருவது குப்பைதான்.

அவருக்கு இறால் ஆகாது, தொண்டை அடைத்துக்கொள்ளும். அக்கா மாதா கோயிலுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை தேங்காய்ப்பால் மணக்க, சம்பலோடு நாசி லெமாக் சோறு வாங்கிப் போனேன்.

"சம்பல்ல இறால் பிளாச்சான் போடலயே?"

"இல்லண்ணே. வேணாம்னு சொல்லித்தான் வாங்கினேன்."

மூச்சு முட்டியபோது, ஊசி மருந்து இருந்த இழுப்பறையைக் கையால் காட்டினார். எனக்கு எட்டும் தூரம்தான். ஆனால் சீட்டுகளைப் பார்ப்பதற்காக நான் வெள்ளைப் பருத்திக் கையுறை மாட்டியிருந்தேன். அதோடு வேறு எதையும் தொடக்கூடாது என்பது எங்களைப் போல் சீட்டு சேர்க்கிறவர்களின் சட்டம். சட்டத்தை நான் மீறியதே இல்லை.

டாக்டர் விபத்து என்றார். யாருக்கும் என்மேல் சந்தேகமில்லை. அக்கா வாக்குத் தவறாமல் சீட்டுக்கட்டைப் பிஸ்கட் டின்னில் போட்டுக் கொடுத்தார். வீட்டில் பிரித்து அடுக்கினால் தளபதியைக் காணோம். உடனே அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அதுவா? அவரு சட்டைப் பையில வச்சு அனுப்பிட்டேன் தம்பி. அதுதான அவருக்கு ரொம்பப் பிடிக்கும்."

அன்று அழுத அளவுக்கு நான் அண்ணன் சாவுக்குக்கூட அழவில்லை.

கல்லறையைத் திறக்க அக்கா சம்மதிப்பாரா? கொலை என்றால் போலீஸ் திறக்கும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அதனால் நானே வந்தேன். மனசாட்சி உறுத்தியதா என்று கேட்டீர்கள். உறுத்தாமல் இருக்குமா? மெர்சிங்கில் மழைக்காலம் தொடங்கப்போகிறது, கடலோர மண் வேறு.

ஆமாம், தெரிந்தேதான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள். சட்டையின் இடது பை. தோண்டுகிறவர்களுக்கு என் கையுறையைக் கொண்டுவந்திருக்கிறேன். அண்ணன் கை அதன்மேல் இருந்தால் சீட்டைப் பிடித்து இழுக்க வேண்டாம். முதலில் விரல்களை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மூலை மடங்கிவிடும்.